சுவருக்கு அந்தப் பக்கத்து லட்சுமி

பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியதுமே அந்த வாசனை வந்துவிடும். சிவப்பு நிறப் பனையெண்ணெயில் வெங்காயமும் கருவாடும் சேர்ந்து பொரிகிற வாசனை, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுவாக இருந்த ஒற்றைச் சுவரைத் தாண்டி, அம்மா ஏற்றிவைத்த ஊதுபத்தியையும் தள்ளிக்கொண்டு, எங்கள் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நியூஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், செங்கல் நிற அபார்ட்மென்ட் வரிசை ஒன்றின் கீழ்த்தளத்தில் நாங்கள் குடியிருந்தபோது எனக்குப் பத்து வயது. அந்த வாசனையை முகர்ந்த முதல் நாளே அம்மா என்னிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "இது வெறும் சமையல் வாசமில்ல அம்மிணி. வேற என்னமோ கலந்திருக்குது."

சந்தேகம் எங்கள் குடும்பத்தின் பிறவிக் குணம் என்று நான் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் கோபித்துக்கொள்ள வேண்டியவர்களே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வந்த அம்மா, கடையில் பால் வாங்கும்போது முன்வரிசை டப்பாவை எடுக்கவே மாட்டாள். பின்னால் கைவிட்டு, நாலாவது வரிசையில் இருப்பதைத்தான் இழுப்பாள். அப்பாவுக்கு மருந்துக் கம்பெனி ஒன்றில் மாத்திரைகளைச் சோதிக்கிற வேலை, அதாவது சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவர். இவர்களுக்குப் பிறந்த நான் வேறு எப்படி இருப்பேன்? யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், யார் வீட்டுக் குப்பையில் என்ன இருக்கிறது என்றெல்லாம் தேதி போட்டு எழுதிவைக்க ஒரு நோட்டு வைத்திருந்தேன்.

அந்த நோட்டின் பெரும்பகுதி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அஃபி ஆன்ட்டியைப் பற்றியது. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ என்ற சின்ன நாட்டிலிருந்து வந்தவள். உயரமானவள், தனியாக இருந்தாள், சிரித்தால் எங்கள் சமையலறை வரை கேட்கும். வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற சின்ன "டே கேர்" ஒன்றை நடத்தினாள், அதுதான் அவள் பிழைப்பு. முதலில் தன் மகனை அங்கே விட்டவள், எங்களுக்கு மேல்தளத்தில் இருந்த சென்னைக்காரி சுமதி ஆன்ட்டி. அவள் சொல்லி மேலும் இரண்டு தமிழ் வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தன. அம்மாவுக்கு வேலை கிடைத்து, பள்ளி விட்டதும் நான் இரண்டு மணி நேரம் எங்காவது இருந்தாக வேண்டும் என்ற நிலை வந்தபோது, வேறு வழியில்லாமல் நானும் போனேன். போவதற்கு முன் அம்மா மூன்று சட்டங்கள் போட்டாள். அங்கே எதையும் வாயில் வைக்கக் கூடாது, டப்பாவில் கொடுத்தனுப்புவதைத்தான் சாப்பிட வேண்டும். உள்ரூம் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. முக்கியமாக, தலையை வாரிவிட விடக் கூடாது. "ஒத்த முடி போதும் அவிங்களுக்கு" என்றாள். அவிங்க என்றால் யார், ஒற்றை முடியை வைத்து என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. "செய்வினை" என்ற சொல்லை அவள் போனில் மெதுவாகச் சொல்வதை ஏற்கெனவே கேட்டிருந்தேன்.

முதல் வாரத்திலேயே மூன்று சட்டங்களையும் மீறினேன். அஃபி ஆன்ட்டி மக்காச்சோள மாவில் கிண்டிய களி, அம்மா கிண்டுகிற ராகிக் களிக்குத் தங்கை மாதிரி இருந்தது. என் தலையை நான்கு பின்னலாகப் போட்டுவிட்டு, அம்மா வருவதற்குள் அவிழ்த்தும் விடுவாள், ஏன் அவிழ்க்கச் சொல்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அவள் என்மேல் பிரியமாக இருந்தாள் என்பதற்காக நான் சந்தேகப்படுவதை நிறுத்திவிடவில்லை. பிரியமாக இருப்பதே சந்தேகத்துக்கு இடமாகத் தோன்றியது. நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்: இவள் ஏன் இவ்வளவு நல்லவளாக இருக்கிறாள், கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த அக்டோபரில் அப்பா பழைய கார் ஒன்று வாங்கினார். அம்மா பார்க்கிங் இடத்தில் காரை நிறுத்தச் சொல்லி, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு டயருக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, அப்பாவை ஏற்றி நசுக்கச் சொன்னாள். பிறகு சூப்பர் மார்க்கெட்டில் ஹாலோவீனுக்காகக் குவித்து வைத்திருந்த பூசணிக்காய்களில் ஒன்றைத் துளை போட்டு, உள்ளே குங்குமத்தைக் கொட்டி, "திருஷ்டி" சுற்றித் தரையில் ஓங்கிப் போட்டு உடைத்தாள். நானும் கைதட்டினேன். நிமிர்ந்தபோது, அஃபி ஆன்ட்டி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் சிவப்பாகச் சிதறிக் கிடந்ததையும் நசுங்கிய பழங்களையும் பார்த்துவிட்டுத் திரையை இழுத்து மூடினாள்.

மறுநாள் காலையில் அவள் தன் வாசலில் நின்று, ஒரு கிண்ணத்தில் மாவு கரைத்த வெள்ளைத் தண்ணீரை, ஏதோ முணுமுணுத்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் ஊற்றினாள். அம்மா கதவுத் துளை வழியாக அதைப் பார்த்தாள். "பாத்தீங்களா? நாம கார் வாங்குனது அவளுக்குப் பொறுக்கல" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா டையைக் கட்டிக்கொண்டார். எங்கள் பூசணிக்காய்க்குப் பயந்துதான் அந்தத் தண்ணீர் ஊற்றப்பட்டது என்பது எனக்கு ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. ஒரு சாயந்தரம் களியைத் தட்டில் போட்டுக்கொண்டே அஃபி ஆன்ட்டி கேட்டாள், "உன் அம்மாவுக்கு யார்மேல் அவ்வளவு கோபம்? வாசலில் ரத்தம் மாதிரி எதையோ உடைத்தாளே, என்னால் அன்றைக்குத் தூங்கவே முடியவில்லை." நான் திருஷ்டி என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு விளக்கினேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பிறர் கண் படுவதற்குத் தங்கள் ஊரிலும் பரிகாரம் உண்டு என்றும், மாவுத் தண்ணீர் முன்னோர்களுக்குக் கொடுக்கிற பானம் என்றும், யாரோ கோபமாக இருக்கிற மாதிரி தெரிந்ததால் அவர்களைக் காவலுக்குக் கூப்பிட்டதாகவும் சொன்னாள். இதை வீட்டில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் அவளோடு இவ்வளவு பேசுகிறேன் என்பது தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

நவம்பரில் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட் வந்தது. ஒரு டப்பாவிலிருந்து சீட்டெடுக்கச் சொன்னார்கள். எனக்கு வந்த சீட்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை, அதன் வரலாறு, மக்கள், சமயங்கள் என்று இருந்தது. நூலகத்துப் புத்தகத்தில் அதற்கு இரண்டு பக்கமும் ஒரு வரைபடமும்தான் ஒதுக்கியிருந்தார்கள். மிச்சத்தை நான் அஃபி ஆன்ட்டியிடம் கேட்டு எழுதினேன், உண்மையைச் சொன்னால் விசாரித்தேன். அவள் எவே என்ற இனத்தைச் சேர்ந்தவள். முதலில் ஜெர்மானியர்கள் வந்தார்களாம். ஒரு பெரும்போருக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் நாட்டைப் பங்கு போட்டுக்கொண்டு, எவே மக்களின் நடுவே கோடு கிழித்துவிட்டார்களாம். அதனால் அவள் வீடு டோகோவில், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருந்த அவளுடைய அத்தை வீடு கானாவில். அதற்கும் முன்னால், நூற்றுக்கணக்கான வருடங்கள், அந்தக் கடற்கரையிலிருந்து மனிதர்களைச் சங்கிலியில் கட்டிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

சமயங்கள் என்ற தலைப்புக்கு வந்ததும் நான் காத்திருந்த இடம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சர்ச்சுக்குப் போவது நோட்டில் இருந்தது. ஆனால் உள்ரூமில் எப்போதும் இழுத்து மூடியே இருந்த வெள்ளைத் திரையும் நோட்டில் இருந்தது. "அந்தத் திரைக்குப் பின்னால் என்ன?" என்று நேராகவே கேட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு, எழுதக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, சர்ச் தோழிகளுக்குத் தெரிந்தால் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள் என்று சொல்லி, என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு திரையை விலக்கினாள். ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, முகக்கண்ணாடி, சென்ட் பாட்டில், டால்கம் பவுடர், ஒரு தட்டில் பிஸ்கட். அவற்றுக்கு நடுவே, தாமரையில் நின்றபடி, இரண்டு பக்கமும் யானைகள் தண்ணீர் சொரிய, எங்கள் மகாலட்சுமி.

கிட்டே போய்ப் பார்த்தேன். வெளுத்துப்போன பழைய படம், ஓரமெல்லாம் மஞ்சளித்திருந்தது. கீழே வலது மூலையில் பொடி எழுத்தில், தமிழில், சிவகாசி என்று அச்சிட்டிருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அவளுக்கு அது என்ன எழுத்து என்றே தெரியாது. முப்பது வருடமாக அதை ஒரு மந்திரம் என்று நினைத்திருந்தாளாம். அவளுடைய அம்மா, லோமே நகரத்துச் சந்தையில், இந்தியக் கடைக்காரர் ஒருவரிடம் வாங்கிய படம் அது. அவர்கள் ஊரில் தண்ணீரில் வாழ்கிற தேவதை ஒருத்தி உண்டு, மாமி வாட்டா என்று பெயர், நம் ஊர் மாமிகளைப் போலவே சுத்தத்தில் கறாரானவள்; வெள்ளைத் துணியும் வாசனையும் இனிப்பும் அவளுக்குப் பிடிக்கும், மனம் வைத்தால் செல்வம் தருவாள். கடல் தாண்டி வந்த படத்தில், தண்ணீரில் பூத்த பூவின்மேல் நின்று கையால் காசு கொட்டுகிற பெண்ணைப் பார்த்ததும், அந்தக் கரை மக்கள் இவளே அவள் என்று கண்டுகொண்டார்களாம். அஃபி ஆன்ட்டி தட்டிலிருந்த பிஸ்கட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் சாப்பிட்டேன். பிரசாதம்தானே என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சத்தியம் செய்தபடி ப்ராஜெக்டில் திரையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, ஏ கிரேடு வாங்கினேன்.

பிப்ரவரியில் அப்பாவின் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்தது, அவருக்கும் கடிதம் வந்தது. அப்பாவின் வேலை விசாவை நம்பி இருந்த எங்கள் எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும். இன்னும் கொஞ்ச நாளில் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதே வாரத்தில், சமையலறை அலமாரியில் பூஜைத் தட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் மகாலட்சுமி படம் காணாமல் போனது. அம்மா பருப்பு டப்பாக்களை எல்லாம் இறக்கினாள், அடுப்பை நகர்த்தித் தேடினாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். "நடு வீட்டுல இருந்த லட்சுமி தானா எந்திரிச்சுப் போயிருச்சுன்னா, அப்புறம் வேல எப்படி நிக்கும்?" என்று கேட்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போல் இருந்தது, என்னிடம் கொடுப்பதற்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். "அஃபி ஆன்ட்டி வீட்டில் திரைக்குப் பின்னால் ஒரு லட்சுமி படம் இருக்கிறது, சிவகாசி என்று போட்டிருக்கிறது" என்றேன். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்படி ஒரு மரியாதையோடு அவள் என்னை அதற்கு முன் பார்த்ததில்லை. எப்போது பார்த்தாய் என்று அவள் கேட்கவில்லை. நவம்பரிலேயே பார்த்தேன், அப்போது நம் படம் அலமாரியில் இருந்தது என்று நானும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரத்தில் சுமதி ஆன்ட்டி கீழே இறங்கி வந்தாள். "அய்யோ, சிவகாசின்னு தமிழ்ல போட்டிருக்கா? அப்போ டவுட்டே இல்ல. நான் நாளைலேர்ந்து என் பையன அங்க டிராப் பண்றதையே ஸ்டாப் பண்ணிட்றேன்பா" என்றாள். டோகோவில் சிவகாசிப் படம் எப்படி வரும்? கேட்கிற யாருக்கும் அது போதுமான சாட்சி, அவள் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்திருப்பாள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. இரண்டு பெண்களும் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அம்மா தன் அலுவலக ஆங்கிலத்தில், எங்கள் படம் ஒன்று காணவில்லை, உங்கள் உள்ரூமைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். அஃபி ஆன்ட்டி முதலில் என்னைத்தான் பார்த்தாள். பிறகு உள்ளே போய், திரையை விலக்கி, படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து காட்டினாள். அம்மா மூலையில் இருந்த எழுத்தைப் படித்தாள். எங்கள் படத்துக்குச் சட்டம் உண்டு, கண்ணாடி உண்டு, இதற்கு இரண்டும் இல்லை; சந்தேகம் வந்த கண்ணுக்கு அதுவும் சாட்சியாகத்தான் தெரிந்தது. "ஃப்ரேமைக் கழட்டிட்டா" என்று சுமதி ஆன்ட்டி தமிழில் முணுமுணுத்தாள்.

அஃபி ஆன்ட்டி குனிந்து, தன் முகத்தை என் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். "நீ குளிர்காலத்துக்கு முன்னாலேயே இதைப் பார்த்தாய் இல்லையா? ப்ராஜெக்ட் எழுதும்போது? உன் அம்மாவிடம் சொல்லு" என்றாள். சத்தியத்தை மீறியதற்குத் திட்டவில்லை, குரல்கூட உயரவில்லை, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும்தான் கேட்டாள். அதைச் சொன்னால், மூன்று மாதமாக உள்ரூமுக்குப் போனதும், தட்டிலிருந்த பிஸ்கட்டைத் தின்றதும், தலை பின்னிக்கொண்டதும் எல்லாம் வெளியே வரும். அம்மா என்னைப் பார்த்த அந்தப் பார்வையும் போய்விடும். "ஐ டோன்ட் நோ" என்றேன். வீட்டில் எதற்கும் அப்படித்தான் பதில் சொல்வேன் என்பதால் அம்மாவுக்கு அதில் எதுவும் தோன்றவில்லை. அஃபி ஆன்ட்டி நிமிர்ந்தாள், படத்தைத் திரும்பக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தாள், எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

அந்த வாரமே நான்கு பிள்ளைகளும் நின்றுவிட்டன. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற வார இறுதி விருந்துகளில் கதை பரவப் பரவக் கைகால் முளைத்தது. எலும்பு இருந்ததாகவும், எங்கள் பெயரெழுதிய தகடு இருந்ததாகவும் யாரோ சொன்னார்கள். ஏப்ரலில் அப்பாவுக்கு வேறு வேலை கிடைத்தது, சகவாசத்தை வெட்டியதால்தான் கிடைத்தது என்று அம்மா சொன்னாள். நான் பேருந்திலிருந்து இறங்கி, கழுத்தில் மாட்டிய சாவியால் எங்கள் கதவைத் திறந்து, தனியாக உட்கார்ந்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சத்தம் இல்லை. பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. மேசையும் கட்டிலும் ஏறின. அவள் முன்சீட்டில் ஏறிக்கொண்டபோது நான் கதவுத் துளை வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவமானமாக இருந்தது, இன்றைக்கும் அவமானமாகத்தான் இருக்கிறது.

இப்போது அதே ஊரில், கொஞ்சம் தள்ளி, எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. அப்பா போய் மூன்று வருடமாகிறது. அம்மா என்னோடு இருக்கிறாள். போன மாதம் ஒரு மதியம், இருவரும் சமையலறை மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, என் மகள் எதையோ மறைத்ததற்காக நான் அவளைத் திட்டி அனுப்பிவிட்டு, திட்டிய வாய் மூடுவதற்குள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அம்மா, அஃபி ஆன்ட்டி வீட்டுப் படத்த நான் நவம்பர்லயே பாத்தேன். நம்ம படம் தொலைஞ்சது பிப்ரவரி. எனக்குத் தெரியும். சொல்லல."

அம்மா பீன்ஸ் நாரை உரித்துக்கொண்டே இருந்தாள். "அது நம்முளுது இல்லீன்னு எனக்கும் தெரியும் அம்மிணி" என்றாள்.

அந்த வருடம் மார்ச் மாதம் காரின் டிக்கியில் அரிசி மூட்டை வைக்கப் போனவள், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், துண்டில் சுற்றி, கண்ணாடி விரிசல் விட்ட எங்கள் மகாலட்சுமியைப் பார்த்திருக்கிறாள். அலமாரிக் கதவை மூடும்போது அப்பா கைதவறி உடைத்திருக்க வேண்டும். வேலை போன வாரத்தில் லட்சுமி படமும் உடைந்தது என்று அவளிடம் சொல்ல மனம் வராமல், கண்ணாடி மாற்றி வைத்துவிடலாம் என்று ஒளித்திருக்க வேண்டும். அவள் அவரிடம் கேட்கவில்லை. அவரும் கடைசிவரை சொல்லவில்லை. அவள் அதைக் கோயில் மரத்தடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருக்கிறாள். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அஃபி ஆன்ட்டி இருந்தாள். அதன்பிறகும் மூன்று மாதம் இருந்தாள்.

"ஏம்மா போய்ச் சொல்லல?"

"அதுக்குள்ள பத்து வீட்டுக்குச் சொல்லியாச்சு. திரும்பப் போயி என்னன்னு சொல்றது? நான் சொன்னது பொய்யின்னா? உங்கப்பா ஒளிச்சு வெச்சாருன்னா?"

ஆக, ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் தெரியும், ஒருவருக்கொருவர் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே என்மேல் திரும்பியது. போனை எடுத்தேன். இப்போதாவது தேடிக் கண்டுபிடித்து ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றேன். அஃபி, டோகோ, நியூஜெர்சி என்று போட்டதும் பக்கம் பக்கமாகப் பெண்கள் வந்தார்கள். எவே மக்களில் வெள்ளிக்கிழமை பிறக்கிற பெண்களுக்கெல்லாம் வைக்கிற பெயர்தான் அஃபி என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அபார்ட்மென்ட் அலுவலகம் இரண்டு தடவை கைமாறி, பழைய காகிதங்கள் எதுவும் இல்லை. சுமதி ஆன்ட்டி டெக்சஸுக்குப் போனவள், போனில், "யாரு அது?" என்று கேட்டாள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து இல்லை, இல்லை என்று தலையாட்டினாள். சாயந்தரம் வரை பார்த்தோம். கடைசியில், "அந்தம்மாளோட முழுப்பேரு என்ன அம்மிணி?" என்று என்னிடம் கேட்டாள். அவள் எந்த எண்ணெயில் சமைத்தாள், வாசலில் எதை ஊற்றினாள், ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாள், திரைக்குப் பின்னால் யாரை வைத்திருந்தாள் என்று எல்லாம் விசாரித்து எழுதியிருந்தேன். பெயரைக் கேட்டதில்லை.